எடுத்துக் கொடுக்கிறவனின் தலைவலி

“தலைவலிக்கா பாய் பெட்டுல சேத்திருக்காவ?” என்று கேட்டார் ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டில்காரர். பாளையங்கோட்டைக்காரர். எங்கோ குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காலில் ஆறாத சர்க்கரைப் புண். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனாலும் எனக்கு ஆத்திரம் வந்தது. புண் என்றால் கட்டு இருக்கும், எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு இருக்கும். தலைவலிக்காரன் எதைத் தூக்கிக் காட்டுவான்? கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறவனைப் பார்த்தால் சோம்பேறி என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அதே கேள்வியைப் பிறகும் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். கடைக்கு வருகிறவர்கள், பள்ளிவாசலில் பார்க்கிறவர்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவர்களுக்கெல்லாம் சேர்த்து இதை எழுதுகிறேன். இப்போது வலி கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அடங்கியிருக்கும்போதே எழுதிவிட வேண்டும். நன்றாகிவிட்டது என்று சொல்வதற்காக எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் மேலப்பாளையத்துக்காரன். ஹாபிழ். திருமறையான குர்ஆனின் முப்பது பாகத்தையும் ஓர் எழுத்து விடாமல் மனப்பாடமாக வைத்திருப்பவனை எங்களில் ஹாபிழ் என்பார்கள். காலையில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பேன். பகலில் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துப் போடுவேன். ஆனால் நான் யார் என்று ஊருக்குத் தெரிவது நோன்பு மாதத்தில்தான். அந்த மாதம் முழுவதும் இஷா என்கிற இரவுத் தொழுகை முடிந்ததும் தராவீஹ் என்று ஒரு நீண்ட தொழுகை உண்டு. முன்னால் நிற்கிற ஹாபிழ் தினமும் கொஞ்சமாக ஓதிக்கொண்டே போய், மாதம் முடிவதற்குள் முழுவதையும் பார்க்காமல் ஓதி முடிக்க வேண்டும். அவருக்கு நேர் பின்னால், முதல் வரிசையில், இன்னொரு ஹாபிழ் நிற்பார். முன்னவர் ஓரிடத்தில் தடுமாறினாலோ மாற்றி ஓதினாலோ பின்னவர் சரியான சொல்லை எடுத்துக் கொடுப்பார். முன்னவர் அதை வாங்கிக்கொண்டு மேலே போவார். பின்னால் எடுத்துக் கொடுக்க ஒருவன் நிற்கிறான் என்பதுதான் முன்னால் நிற்பவனின் தைரியம்.

எங்கள் பள்ளிவாசலில் முன்னால் நான், பின்னால் காதர். காதர் என் மனைவி ஜன்னத்தின் அண்ணன். மச்சான் ஆவதற்கு முன்பே கூட்டாளி. ஒரே மதரஸாவில், ஒரே பாயில் உட்கார்ந்து ஓதி, ஒரே பிரம்பில் அடி வாங்கியவர்கள். மீசை முளைத்த காலத்திலிருந்து ஒவ்வொரு நோன்புக்கும் நாங்கள் இப்படித்தான் நிற்கிறோம்.

ஒற்றைத் தலைவலி எனக்கு இளமையிலேயே உண்டு. வருஷத்தில் சில தடவை வரும், ஒரு நாள் இருட்டறையில் படுத்து எழுந்தால் போய்விடும். அதை யாரும் நோய் என்று எண்ணவில்லை, நானும்தான். போன நோன்புக்கு முந்தின நோன்பில்தான் அது வேறு மாதிரி ஆனது. ஒரு நாள் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு இடது கண்ணோரத்தில் ஒரு வெளிச்சம், ரம்பத்தின் பல் போலக் கோணல்மாணலாக மினுங்கிக்கொண்டு நகர்ந்தது. நோன்பு திறந்து கஞ்சி குடித்தேன், அப்படியே வாந்தி எடுத்தேன். சொன்னால் தொழ வைக்க விடமாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் போய் முன்னால் நின்றேன். ஸஜ்தாவுக்குத் தலையைத் தாழ்த்தும் போதெல்லாம் உச்சி மண்டையில் யாரோ உலக்கையைப் போட்டார்கள்.

அன்றைக்கு வழுக்கினேன். திருமறையில் ஒரே செய்தி பல இடங்களில், ஏறக்குறைய ஒரே சொற்களில் வரும். ஒரு சிறு சொல்தான் வித்தியாசமாக இருக்கும். அந்தச் சொல்லைக் கவனித்தால் இந்தப் பக்கம் போக வேண்டும், கவனிக்காவிட்டால் வேறொரு பாகத்துக்குள் போய்விடுவோம். ஜங்ஷனில் தண்டவாளம் பிரிகிற மாதிரி. ஹாபிழ்கள் தவறுவதெல்லாம் அந்த இடங்களில்தான். மனப்பாடம் இல்லாதவனுக்கு அந்தத் தப்பைச் செய்யக்கூடத் தெரியாது. நான் நல்ல வேகத்தில், நல்ல ஓசையோடு, தப்பான பாகத்துக்குள் போய்க்கொண்டிருந்தேன். காதர் எடுத்துக் கொடுத்தான். திரும்பி வந்தேன். அதே இடத்தில் மறுபடி தப்பான பக்கமே போனேன். மறுபடி எடுத்துக் கொடுத்தான்.

இதெல்லாம் எந்த ஹாபிழுக்கும் நடப்பதுதான். காதரும் அப்படித்தான் சொன்னான். ஆனால் அன்றோடு எனக்குள் ஒன்று புகுந்துவிட்டது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்தாலும் ஓதினாலும் ‘சரியாகச் செய்தாயா, நிச்சயமா?’ என்று மனதைக் குடைந்துகொண்டே இருப்பதற்கு எங்களில் வஸ்வாஸ் என்று பெயர். எந்த வசனத்தை எடுத்தாலும் அது வரும் முன்பே பயம் வந்து நின்றது. மறுநாள் என்ன ஓத வேண்டும் என்பதை நினைத்தாலே நெஞ்சு படபடக்கும், கை ஈரமாகும். அந்தப் படபடப்புக்குப் பின்னாலேயே கண்ணோரத்தில் வெளிச்சம் வரும். அந்த நோன்பை எப்படி முடித்தேன் என்று படைத்தவனுக்குத்தான் தெரியும்.

நோன்பு போயும் தலைவலி போகவில்லை. வாரத்தில் பாதி நாள் தலைவலி, மீதி நாள் அது எப்போது வரும் என்ற பயம். மெடிக்கலில் மாத்திரை வாங்கி மிட்டாய் மாதிரி தின்றேன். அளவுக்கு மேல் தின்றால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்று பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரியும். கடையில் துணியை அளந்துகொண்டிருக்கும்போதே எத்தனை மீட்டர் கேட்டார்கள் என்பது மறந்துபோகும். எங்கள் தெருக்காரர் எதிரே வந்து சலாம் சொல்வார், பேர் வராது. மூத்த மகளைக் கூப்பிட வாயைத் திறந்தால் இளையவள் பேர் வரும். சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கண்ணேறு என்றார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், தலையில் ஊதினார்கள். அவர்களெல்லாம் நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் என்னைத் தனியாக அழைத்து, மனனம் செய்ததை மறப்பவனுக்கு மறுமையில் என்ன கதி என்று விளக்கினார். எனக்குத் தெரியாததா? நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது அது.

ஜன்னத் பீடி சுற்றுகிறவள். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் மடியில் முறம் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டின் வாசனையே அந்தப் புகையிலைத் தூள்தான். தலைவலி கூடியபோது அந்த வாசனை மூக்கில் ஏறினாலே எனக்குக் குமட்டியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் கடையிலிருந்து வந்து பார்த்தால் முறத்தைக் காணவில்லை, இலைக் கட்டைக் காணவில்லை, வீடு முழுவதும் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவியிருந்தாள். தன் தங்கை வீட்டில் போய்ச் சுற்றுகிறாளாம். அங்கே பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கிறது, இங்கே நீங்கள் பேசவா செய்கிறீர்கள் என்றாள். கிண்டலாகச் சொன்ன மாதிரி சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன கதைக்கு வருகிறேன். நோன்புக்குச் சில மாதங்கள் இருந்தன. ஒரு தலைவலி வந்தது, நாள் கணக்கில் விடவில்லை. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒரு காலையில் ஜன்னத்திடம் தண்ணீர் கேட்க நினைத்தேன், தண்ணீர் என்ற சொல் வரவில்லை. வேறு ஏதோ உளறினேன். நான் உளறுவது என் காதுக்கே கேட்டது. வலது கை மரத்துப்போயிருந்தது. பக்கவாதம் என்று நினைத்து ஜன்னத் அலறிவிட்டாள். காதர் ஆட்டோ பிடித்து வந்தான். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பேச்சு அன்று மத்தியானமே மெல்லத் திரும்பிவிட்டது. நரம்பு டாக்டர் நிதானமான மனிதர். ஒற்றைத் தலைவலியிலேயே சிலருக்குக் கண்ணில் வெளிச்சம் தெரியும், சிலருக்குக் கை மரக்கும், சிலருக்குச் சொல் தடுமாறும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்றார். ஆனாலும் பக்கவாதமோ கட்டியோ இல்லை என்று உறுதி செய்ய ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். நான் தின்ற மாத்திரைகளை எல்லாம் ஜன்னத் ஒரு பையில் கொண்டு வந்திருந்தாள். அதைக் கொட்டிப் பார்த்துவிட்டு டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வார்டில் ஜன்னலோரக் கட்டில். நல்ல காற்று என்று கொடுத்தார்கள். எனக்கோ வெளிச்சம் கண்ணில் ஊசியாகக் குத்தியது. ஜன்னலுக்குத் திரை கிடையாது. ஜன்னத் சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு தன் கறுப்புப் புர்காவைக் கழற்றி ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டாள். கட்டில் பக்கம் இருட்டானது. அங்கே இருந்த நாளெல்லாம் அவள் சேலை முந்தானையால் தலையை இறுக மூடிக்கொண்டு, ஆண்கள் நடமாடும் அந்த வராந்தாவில் குனிந்த தலையோடு போய் வந்தாள். காப்பி வாங்கப் போகும்போதுகூட ஜன்னலிலிருந்து புர்காவை அவிழ்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அது இல்லாமல் வாசற்படி தாண்டியவள் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அதைக்கூட நன்றியோடு அழவில்லை, இப்படி ஆகிவிட்டேனே என்றுதான் அழுதேன்.

ஸ்கேன் எடுக்கும் குழாய்க்குள் ஆளைத் தள்ளிவிடுவார்கள், அசையக் கூடாது. காதை அடைத்துவிட்டாலும் உள்ளே தடதடவென்று சத்தம், தகரக்கொட்டகையில் கல்லெறிகிற மாதிரி. பயந்தால் என்ன செய்வேன்? ஓதத்தான் தெரியும். மனதுக்குள் தொடங்கினேன். நன்றாகவே வந்தது. சத்தம் மறந்துபோனது. அப்போதுதான் அந்த இடம் வந்தது, தண்டவாளம் பிரிகிற இடம். நின்றுவிட்டேன். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? பின்னால் காதர் இல்லை. இரண்டும் சரியாகப் பட்டது, இரண்டும் தப்பாகப் பட்டது. மறுபடி முதலிலிருந்து வந்தேன், மறுபடி அங்கேயே நின்றேன். கையில் கொடுத்திருந்த ரப்பர்ப் பந்தை அமுக்கிவிட்டேன். மெஷினை நிறுத்தி வெளியே இழுத்து மூச்சு முட்டியதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

ஸ்கேன் சுத்தமாக இருந்தது. மூளையில் ஒன்றும் இல்லை பாய், சந்தோஷமாக இருங்கள் என்றார் டாக்டர். காதர் அல்ஹம்துலில்லாஹ் என்று முகத்தைத் தடவிக்கொண்டான். பக்கத்துக் கட்டில் குமாஸ்தா, கர்த்தர் காப்பாற்றிவிட்டார் என்று பிஸ்கட் கொடுத்தார். எனக்கு மட்டும் ஏமாற்றம். ஏதாவது இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டி, ஒரு அடைப்பு, வெட்டி எடுக்கக்கூடிய ஏதோ ஒன்று. அது இருந்தால் மறப்பது நோய். ஒன்றும் இல்லை என்றால் மறப்பது நான்தானே?

டாக்டர் என்னை அங்கேயே இருந்த மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். சின்ன வயதுப் பெண். எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்று நினைத்து முறைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன். அவள் அதைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருந்தாள். சில எண்களைச் சொல்லி அதைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னாள். தாளில் சிதறிக் கிடந்த எண்களை வரிசையாகக் கோடு போட்டுச் சேர்க்கச் சொன்னாள். கிணறு, சட்டை, வாழை, மணி, பாலம் என்று ஐந்து சொற்களைச் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன் என்றாள். கொஞ்ச நேரம் என் கடையைப் பற்றிப் பேசினாள். பிறகு கேட்டாள். கிணறு வந்தது. ஜவுளிக்கடைக்காரன் என்பதால் சட்டை வந்தது. மற்றது வரவில்லை. முப்பது பாகத்தைத் தலையில் சுமப்பவன் மூன்று சொல்லுக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு கேள்விகள். தூக்கம் வருகிறதா, எதிலாவது ஆசை இருக்கிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியிருக்கிறதா. எல்லாவற்றுக்கும் நன்றாக இருக்கிறேன், ஒன்றுமில்லை என்றே சொன்னேன். பள்ளிவாசலில் முன்னால் நிற்கிறவன் மனம் உடைந்து கிடக்கிறேன் என்று சொல்லலாமா? படைத்தவன்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகாதா? ஜன்னத் என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“இங்கேருங்க, பொய் சொல்லாதிய” என்றாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள். “கடைலேருந்து வந்தா செவத்தப் பாத்துப் படுத்துக்கிடுதாவ. பிள்ளைய பேசுனா பதில் இல்ல. நோன்பு வரதுக்குள்ள நான் மௌத்தாயிட்டா நல்லதுன்னு ஒரு நா சொன்னாவ. நான் ஒருத்தருட்டயும் சொல்லல. ஒங்ககிட்டதான் சொல்லுதேன்.”

செத்துப்போனால் நல்லது என்று நான் சொன்னது உண்மைதான். அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்துச் சொன்னது. இத்தனை நாளும் அதை அவள் மடியில் கட்டிக்கொண்டு பீடி சுற்றியிருக்கிறாள். அந்தப் பெண் அதைப் பற்றி என்னிடம் நேராகவே கேட்டாள், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றாள், அப்படித் தோன்றும்போதெல்லாம் உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும், வாயை மூடிக்கொண்டு கிடக்கக் கூடாது என்று என்னிடம் சொல் வாங்கிக்கொண்டாள். பிறகு விளக்கினாள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒற்றைத் தலைவலி வருவதற்கு முன்னும், வரும்போதும், போன பிறகும் புத்தி மந்தமாகும். அது தானாகத் தெளியும். ஆனால் இந்த நோய் உள்ளவர்களில் பலருக்குப் பதற்றமும் மனச்சோர்வும் கூடவே ஒட்டிக்கொள்ளும். அவை தலைவலி இல்லாத நாளிலும் புத்தியைத் தின்னும். மனச்சோர்வு நினைப்பை மெதுவாக்கும், பதற்றம் கவனத்தைப் பறிக்கும்.

“பாய், கள்ளன் வந்துருவானோன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கவனுக்கு அடுப்புல பால் பொங்குறது தெரியுமா? நீங்க மறக்கல. கவனம் அங்க இல்ல, அவ்வளவுதான்” என்றாள்.

அப்படியென்றால் எது முதலில் வந்தது, எதைத் தீர்த்தால் எது தீரும் என்று கேட்டேன். ஒன்று மற்றதை இழுத்து வரும், பிரித்துச் சொல்ல முடியாது என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண். கடைசியாக, நோன்புக்குள் சரியாகிவிடுமா என்று கேட்டேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மறுபடி முன்னால் நிற்க முடியுமா, முடியாதா? சிலருக்குச் சீக்கிரம் சரியாகும், சிலருக்கு நாளாகும் என்றாள்.

தலைவலியையும் மனதையும் சேர்த்துப் பார்க்கும் மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். பைத்தியக்கார மாத்திரை தின்ன மாட்டேன் என்று நான் முரண்டு பிடித்தேன். சுகர் மாத்திரை தின்கிறவர்களை எல்லாம் கேவலமாகவா பார்க்கிறீர்கள் என்று ஜன்னத் கேட்டாள். பக்கத்துக் கட்டில் குமாஸ்தா, அதானே, என்று கட்டுப் போட்ட காலை ஆட்டினார். தின்றேன். வாய் வறண்டது, காலையில் தலை கனத்தது. ஆனால் வாரங்கள் போகப் போகத் தலைவலி குறைந்தது. உண்மையிலேயே குறைந்தது.

மனதின் பயம் குறையவில்லை. தனியாக உட்கார்ந்து ஓதினால் தண்ணீர் மாதிரி போகும். முன்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஓதினால் அதே இடத்தில் நிற்கும். ஒரு சாயங்காலம் பாளையங்கால்வாய்க் கரையில் காதரோடு நடந்துகொண்டிருந்தேன். இந்த வருஷம் நான் நிற்கவில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு எத்தனையோ நாள் எடுத்துக்கொண்ட பேச்சு அது. அவன் நிற்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

“சரி வே, நான் முன்னால நிக்கேன். நீரு பின்னால நில்லும். நீரு பின்னால இருக்கீருன்னு தெரிஞ்சாப் போதும், எனக்குத் தப்பு வராது” என்றான்.

முன்னால் நிற்பதைவிடப் பின்னால் நிற்பது சுலபம் என்று நாங்கள் இருவருமே நினைத்தோம். அங்கேதான் தவறினோம். முன்னால் நிற்பவன் தன் ஓட்டத்தில் ஓதிக்கொண்டு போவான். நாக்கே பாதி வழியை அறியும். பின்னால் நிற்பவனுக்கு நாக்குக்கு வேலை இல்லை. கவனம் ஒன்றுதான் வேலை. எனக்கு இல்லாமல் போனது எதுவோ அது ஒன்றுதான்.

நோன்பு வந்தது. நோன்பு வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டிருந்தேன். பசியும் தாகமும் தலைவலியைக் கிளப்பும், முடியாத நாளில் விட்டுவிடுங்கள் என்றிருந்தார். எல்லா நாளும் வைத்தேன். முதல் நாட்கள் நன்றாகப் போயின. காதர் தப்பே செய்யவில்லை, எனக்கு வேலையே இல்லை. கொஞ்சம் தைரியம் வந்தது என்றுகூடச் சொல்லலாம். ஒரு நாள் ஜன்னத்திடம் அடுத்த வருஷம் நான் முன்னால் நிற்கலாம் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள். அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன்.

பிறகு அந்த இடம் வந்தது. அது வரப்போகிறது என்று எனக்குக் காலையிலிருந்தே தெரியும். காதர் அதை நோக்கி ஓதிக்கொண்டு போகப் போக எனக்குள் படபடப்பு ஏறியது. அவன் அந்தச் சொல்லைத் தாண்டி ஒரு பக்கம் போனான். என் உள்ளே ஒன்று ‘தப்பு’ என்றது. நான் சத்தமாக எடுத்துக் கொடுத்தேன்.

காதர் நின்றான். தப்பு செய்தவன் நிற்கிற மாதிரி இல்லை, யோசிக்கிறவன் நிற்கிற மாதிரி. மறுபடி தன் வழியிலேயே ஓதினான். நான் மறுபடி எடுத்துக் கொடுத்தேன், முன்பைவிட அழுத்தமாக. காதர் என் சொல்லை வாங்கிக்கொண்டான். நல்ல ஓசையோடு, நான் காட்டிய பக்கம் போனான்.

வசனங்கள் போய்க்கொண்டே இருந்தன. இரண்டாம் வரிசையிலிருந்து வேறொரு குரல் எடுத்துக் கொடுத்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு ஹாபிழ். அந்தக் குரலைக் கேட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. காதர் முதலில் ஓதியதுதான் சரி. நான்தான் அவனை வேறு பாகத்துக்குள் தள்ளிவிட்டேன். காதர் திரும்பி வந்து, தான் முதலில் ஓதியதையே மறுபடி ஓதி, மேலே போனான். மிச்சத் தொழுகையை நான் எப்படித் தொழுதேன் என்று தெரியவில்லை.

முடிந்ததும் கேட்டவர்களிடமெல்லாம் காதர், என் தப்புதான், இன்றைக்குச் சரியான தூக்கமில்லை என்றான். நான் செருப்பைத் தேடுகிறவன்போல் குனிந்துகொண்டேன். தெருவுக்கு வந்த பிறகுதான் கேட்டேன். நீ ஓதியது சரி என்று உனக்குத் தெரியும், பிறகு ஏன் நான் சொன்னதை எடுத்தாய்?

“தெரியும்னுதான் இருந்துச்சு” என்றான். “ஆனா நீருல்லா சொல்லுதீரு. மதரஸாவுல பாடம் கேட்ட காலத்துலேருந்து நீரு எனக்குத் தப்பா எடுத்துக் குடுத்ததே இல்லையே. அப்பம் எனக்கு எம்மேலதான் சந்தேகம் வந்துச்சு.”

மறுநாளும் என்னைத் தன் பின்னாலேயே நிற்கச் சொல்லி ஆள் அனுப்பினான். நான் கடைசி வரிசையில், செருப்பு வைக்கும் பக்கம் போய் நின்றுகொண்டேன். காதரின் பின்னால், என் இடத்தில், அந்த வளைகுடா ஹாபிழ் நின்றார். அங்கிருந்து கேட்டேன். காதர் நன்றாகத்தான் ஓதினான். ஆனால் வழி பிரிகிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு கணம் நின்றான். மற்றவர்களுக்கு அது மூச்சு வாங்குவதாகத் தோன்றியிருக்கும். அவன் எங்கெங்கே மூச்சு வாங்குவான் என்று எனக்குத் தெரியாதா? அந்த இடங்களில் அவன் ஒருநாளும் நின்றதில்லை. நோன்பு முடிகிறவரைக்கும் அந்த நிறுத்தம் இருந்தது, நாளுக்கு நாள் கொஞ்சம் நீண்டது.

நோன்புப் பெருநாளன்று காதர் எங்கள் வீட்டுக்கு வந்தான். புதுச்சட்டை, அத்தர் வாசனை. அத்தர் எனக்கு ஆகாது என்று வாசலிலேயே நினைவு வந்து, போய் முகத்தையும் கையையும் கழுவிவிட்டு வந்தான். ஜன்னத் சேமியா கொடுத்தாள். தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். குறைந்திருக்கிறது என்றேன். பொய் இல்லை. சேமியாவைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. ஜன்னத் உள்ளே போனதும் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“மச்சான், இப்பம்லாம் ஓதும்போது இது சரியா, இது சரியான்னு உள்ள ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு. ஒமக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதா?”

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்றேன். அதையும் அவன் நம்பினான்.